இறங்கிக்கொண்டிருந்தவள்

ஷெபாய்கன், விஸ்கான்சின்
1983 ஏப்ரல் 19

அன்புள்ள மார்லிஸ்,

வீடு போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். விமானக் கம்பெனிக்குப் போன் செய்து, சியாட்டில் விமானம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று நானே கேட்க வேண்டியதாயிற்று. "கீழ விழுந்திருந்தா டிவியிலயே சொல்லியிருப்பாங்களேம்மா," என்றாள் அங்கே இருந்தவள். ஈஸ்டருக்கு வந்த தங்கையை முறிந்த மணிக்கட்டோடு திருப்பி அனுப்பியவள் என்று சர்ச்சில் எனக்குப் பேர் வந்துவிட்டது. போன ஞாயிறு மூன்று பேர் என்னைத் தாண்டிப் போய் வேறு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

சரி, கோபத்தை ஒரு பக்கம் வை. விஷயம் இதுதான். வீடு வீடாகத் துணி டயப்பரை வாங்கித் துவைத்துக் கொடுக்கிற என் தொழிலுக்குப் பழைய வேன் போய் இந்த வேன் வந்தபோது, அதற்கு இன்சூரன்ஸ் போட்ட ஏஜென்ட் ஹெர்ப், கடைசியில் மருத்துவச் செலவுக்கென்று ஒரு தனிப் பகுதியைச் சேர்த்தார். "எதுக்குங்க? வேன்ல நானும் ஊராரோட அழுக்கு டயப்பரும்தானே போறோம்," என்றேன். "என்னைக்காவது யாராவது கூட வருவாங்க, லுவெல்லா," என்றார். பதினொரு வருஷம் யாரும் வரவில்லை. நீ வந்தாய். ஒரே காலையில் அந்தப் பகுதிக்கு வேலை வந்துவிட்டது.

நேற்று உட்கார்ந்து அந்தப் பாலிசியை முதல் முறையாகப் படித்தேன். நான் கல்யாணப் பத்திரத்தைக்கூட இத்தனை கவனமாகப் படித்ததில்லை. படிக்கப் படிக்கத் தூக்கம் வரும் என்று நினைத்தேன். எங்கே, ஆர்வம்தான் வந்தது. வேனில் இருந்தவர் யாருக்கு அடிபட்டாலும், ஐயாயிரம் டாலர் வரை ஆஸ்பத்திரிச் செலவு அவர்களுடையது. யார் தப்பு என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஓட்டியவள் தப்பா, உட்கார்ந்தவள் தப்பா, மான் குறுக்கே வந்ததா, எதுவும் வேண்டாம். 'இருந்தவர்' என்றால் போதும்.

அந்த 'இருந்தவர்' யார் என்பதற்கும் விளக்கம் கொடுத்திருக்கிறார்கள், கேள்: உள்ளே இருப்பவர், மேலே இருப்பவர், ஏறிக்கொண்டிருப்பவர், இறங்கிக்கொண்டிருப்பவர். கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தாலும் இருந்தவர்தானாம்! இப்படியெல்லாம் யோசித்து எழுதியவன் என்ன மாதிரி ஆளாக இருப்பான் என்று எனக்குப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

உனக்கென்று ஒரு படிவம் இத்துடன் வைத்திருக்கிறேன். என் படிவத்தில் 'இறங்கிக்கொண்டிருந்தார்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். இடம்: அன்றைக்கு அடுத்ததாக டயப்பர் கொடுக்க வேண்டியிருந்த மிஸஸ் பேகல் வீட்டு வாசல். நீயும் அப்படியே போட்டு அனுப்பு. ஐந்து நிமிஷ வேலை.

உன் அக்கா,
லுவெல்லா

---

டகோமா, வாஷிங்டன்
ஏப்ரல் 26

லுவெல்லா,

இடது கையால் எழுதுகிறேன். அதனால் திட்டுவதைச் சுருக்கிக்கொள்கிறேன்.

நீ தவறான கட்டத்தில் டிக் அடித்திருக்கிறாய். நான் இறங்கிக்கொண்டிருக்கவில்லை. இறங்கிவிட்டேன். இரண்டு காலும் தரையில். அதற்குப் பிறகுதான் உன் வேன் நகர்ந்தது.

இடமும் தவறு. மிஸஸ் பேகல் வீட்டு வாசல் இல்லை. அதற்கு முன்னால் இருக்கிற முக்கு, வண்டிகள் நின்று போக வேண்டிய ஸ்டாப் பலகை. அங்கே டயப்பர் கொடுக்கும் வீடு எதுவும் கிடையாது. அங்கே நான் ஏன் இறங்கினேன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பதினாறு வருஷமாகக் கோர்ட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் சொல்வதை எழுத்து மாறாமல் தட்டச்சு செய்கிறவள் நான். 'கொண்டிருந்தேன்' வேறு, 'விட்டேன்' வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஆட்கள் ஜெயிலுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

படிவத்தில் 'வேறு' என்ற கட்டத்தில் டிக் அடித்து, பக்கத்தில் 'இறங்கிவிட்டார்' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மார்லிஸ்

---

ஷெபாய்கன்
மே 3

அன்புள்ள மார்லிஸ்,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் குறுகுறுப்பு வந்துவிட்டது. ஒரு மனுஷி இரண்டு காலையும் ஒரே சமயத்தில் எப்படி இறக்குவாள்? முயல் மாதிரி குதித்தாயா?

சனிக்கிழமை வேனை வீட்டுப் பாதையில் நிறுத்தி நானே இறங்கிப் பார்த்தேன். முப்பத்திரண்டு தடவை. வேன் படியிலிருந்து தரை பதினான்கு அங்குலம். முதல் கால் தரையில் பட்டு, இரண்டாவது கால் வந்து சேர ஒரு விநாடி ஆகிறது. முட்டி வலியோடு இறங்கினால் ஒன்றரை. அந்த ஒரு விநாடியில் வேன் அசைந்திருந்தால் நீ 'இறங்கிக்கொண்டிருந்தவள்', ஐயாயிரமும் உனக்கு. அடுத்த விநாடி என்றால் நீ தெருவில் போகிற யாரோ, காலணாவும் இல்லை. ஒரு விநாடிதான், மார்லிஸ்! முட்டை வேக வைக்கிற கடிகாரத்தில்கூட அதைக் காட்ட முடியாது.

பக்கத்து வீட்டு ஆள் வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தார். "என்ன லுவெல்லா, வேன் உன்ன வெளிய தள்ளுதா?" என்றார். "ஆமா, உங்களையும் தள்ளணுமா, வாங்க," என்றேன்.

நன்றாக யோசித்துப் பார். உனக்குக் கோபம். கோபத்தில் இருக்கிறவளுக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? எனக்குக் கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுவேன். நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. நிச்சயமாகத் தெரியாது என்று சொன்னால் போதும் என்கிறேன். மறுபடி சொல்கிறேன், யார் தப்பு என்ற பேச்சே கிடையாது.

கம்பெனியிலிருந்து வோய்ட் என்று ஒருவர் உன்னைக் கூப்பிடுவார். மரியாதையாகப் பேசு.

காகித டயப்பர் வந்து என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறது. இந்த வாரம் இரண்டு வீடு நின்றுவிட்டன. அந்தக் காகிதத்துக்குக் கூழ் காய்ச்சும் ஆலை உங்கள் ஊரில்தானே இருக்கிறது? ஊரே நாறுமாமே. அந்த மூக்கை வைத்துக்கொண்டுதான் நீ என் வேனைப் பற்றிப் பேசினாய்.

லுவெல்லா

---

டகோமா
மே 10

லுவெல்லா,

வோய்ட் கூப்பிட்டார். பேச்சைப் பதிவு செய்யலாமா என்று கேட்டார். செய்யுங்கள் என்றேன். இரண்டு காலும் தரையில் என்றேன். "நிச்சயமாவா மேடம்? ஒரு கால் படியில இருந்திருக்க வாய்ப்பே இல்லையா?" என்று மூன்று விதமாகக் கேட்டார். அந்த மனுஷருக்கு எனக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் இருந்தது போலும். நான் மூன்று தடவையும் ஒரே பதிலைச் சொன்னேன்.

இது வீம்பு என்று நீ சொல்வாய். அதனால் இதையும் தெரிந்துகொள். இங்கே டாக்டர் இஷிகாவா எக்ஸ்ரே பார்த்தார். உங்கள் ஊரில் கட்டு போட்டபோது எலும்பு சரியாகச் சேரவில்லை. ஆபரேஷன் செய்து தகடு வைக்க வேண்டும். ஜூன் பாதிக்குள் செய்யாவிட்டால் கோணலாகவே கூடிவிடும், மணிக்கட்டு திரும்பாது. மணிக்கட்டு திரும்பாதவள் கோர்ட்டில் என்ன தட்டச்சு செய்ய முடியும்? என்னைப் போல் தனியாக வேலை பார்க்கிறவர்களுக்கு உடம்புக்கு இன்சூரன்ஸ் எடுப்பது கட்டுப்படியாகாது. இதுவரை எடுத்ததில்லை.

ஆக, எனக்கு அந்தப் பணம் வேண்டும். உன்னைவிட எனக்குத்தான் வேண்டும். ஆனாலும் இறங்காதவள் என்று சொல்ல மாட்டேன். தினமும் காலையில் ஒவ்வொருவராகக் கையை உயர்த்தி, உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று என் முன்னால்தான் சத்தியம் செய்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒன்றா?

இன்னொன்று. யார் தப்பு என்று கேட்க மாட்டார்கள் என்று இரண்டு கடிதத்திலும் எழுதிவிட்டாய். அது உனக்கு எவ்வளவு சௌகரியம், லுவெல்லா.

மார்லிஸ்

---

ஷெபாய்கன்
மே 18

மார்லிஸ்,

உன் கடைசி வரியை நான் படிக்காத மாதிரி வைத்துக்கொள்கிறேன்.

வோய்ட் நேற்று வந்தார். ஒல்லியான ஆள், ஐம்பது வயசு இருக்கும். கையில் இழுத்து அளக்கிற டேப், கழுத்தில் கேமரா, சட்டைப் பையில் நான்கு பென்சில். கட்டை ரொட்டியும் சாசேஜும் கொடுத்தேன், நின்றுகொண்டே சாப்பிட்டார். அந்த ஆளுக்கு எல்லாமே தெரிய வேண்டும். படியின் உயரம், கதவு எந்தப் பக்கம் நகரும், ஒரு டயப்பர் எத்தனை தடவை துவைத்தால் கிழியும், எல்லாம் கேட்டார். கடைசியாகக் கேட்டது இன்சூரன்ஸுக்கா, தன் திருப்திக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

"உங்க தங்கச்சி உங்ககிட்ட வேலை பாக்கறாங்களா? சம்பளம் ஏதாவது குடுத்தீங்களா?" என்றார்.

"சம்பளமா? அன்னிக்கு அவ பேசினத நான் கேட்டுக்கிட்டு வந்ததுக்கு அவதான் எனக்குக் குடுக்கணும்," என்றேன்.

"நல்லதாப் போச்சு. வேலைக்காரங்கன்னா இந்தப் பகுதியில வராது," என்று எழுதிக்கொண்டார்.

அப்புறம் முக்குக்குப் போனோம். டேப்பை ஒரு பக்கம் நான் பிடித்தேன், ஒரு பக்கம் அவர். நீ விழுந்த இடத்திலிருந்து மிஸஸ் பேகல் வாசல் நாற்பத்தொரு அடி. "ஏம்மா, குடுக்க வேண்டிய வீடு அங்க இருக்கு. இவங்க ஏன் இங்க இறங்கினாங்க?" என்றார். காற்று வாங்க என்றேன். ஏப்ரலில், ஏரிக் காற்றில்! அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளை யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார், அவ்வளவுதான்.

மிஸஸ் பேகல் சும்மா இருந்திருக்கலாம். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தானாகவே வெளியே வந்தாள். "நான் ஜன்னல்லேர்ந்து பார்த்தேங்க. ரெண்டு காலும் கீழதான் இருந்துச்சு. நல்ல ஷூ போட்டிருந்தாங்க, அதான் பார்த்தேன்," என்றாள். உன் ஷூவை மெச்சிக்கொண்டே கழுத்தை அறுத்துவிட்டாள்.

வோய்ட் குறிப்பேட்டை மூடினார். "அவங்களும் அதான் சொல்றாங்க, இவங்களும் அதான் சொல்றாங்க. என் கை கட்டியிருக்கும்மா," என்றார். இறங்கி முடித்தவருக்கு இந்தப் பகுதியில் ஒன்றும் கிடையாது. மே கடைசியில் மறுத்துக் கடிதம் அனுப்புவார்களாம்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்கு அப்படித்தானே பிடிக்கும். "சரி, என் தப்புன்னு எழுதிக்கோங்க. அதுக்கு ஏதாவது குடுப்பீங்கல்ல?" என்றேன். "அது வேற பகுதிம்மா. அதுக்கு உங்க தங்கச்சி உங்க மேல கிளெய்ம் போடணும். நீங்க என்ன செஞ்சீங்க, எப்படிச் செஞ்சீங்கன்னு முதல்லேர்ந்து எல்லாம் விசாரிப்பாங்க. மாசக்கணக்கா ஆகும்," என்றார்.

அதையாவது செய், மார்லிஸ். என் மேல் போடு.

நீ வேனில் பேசியதை நான் அவரிடம் சொல்லவில்லை. நான் பேசியதையும் சொல்லவில்லை.

லுவெல்லா

---

டகோமா
மே 26

லுவெல்லா,

உன் மேல் கிளெய்ம் போட மாட்டேன். சொந்த அக்காவைக் கோர்ட்டுக்கு இழுத்தவர்களை எனக்கு நிறையத் தெரியும். ஜெயித்தவர்கள் முகமும் தோற்றவர்கள் முகமும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

வோய்டிடம் நீ சொல்லாமல் விட்டதை இங்கே எழுதி வைக்கிறேன். ஏப்ரல் 5, செவ்வாய், காலை ஒன்பது இருபது. எழுத்து மாறாமல்:

லுவெல்லா: "தனியா கெடந்து என்னத்த வாரிக் கட்டிக்கிட்ட? இங்கயே வந்துடேன். ரெண்டு பேருமா வேன ஓட்டலாம்."

மார்லிஸ்: "அறுபது வீட்டு மலத்த அள்ளறதுக்கா நான் படிச்சேன்?"

லுவெல்லா: "அந்த அறுபது வீட்டு மலந்தாண்டி உன்ன படிக்க வச்சுது."

மார்லிஸ்: "அதச் சொல்லிக் காட்டத்தான் கூப்பிட்டியா? ஒனக்குத் தங்கச்சி வேணாம். சம்பளம் கேக்காத வேலைக்காரி வேணும்."

லுவெல்லா: "அப்ப இறங்கு."

இதில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை. என் பக்கம் படிக்க நன்றாக இல்லை என்று எனக்கே தெரிகிறது.

அதனால்தான் இறங்கிவிட்டேன் என்று அடித்துச் சொன்னேன். இறங்கு என்றாய், இறங்கிவிட்டேன். உன் வேனிலும் இல்லை, உன் தயவிலும் இல்லை. அதைத்தான் எழுதி வைக்க வேண்டும் என்று இருந்தது. அதற்காக என் கை கோணலாகக் கூடினாலும் கூடட்டும் என்றுகூட ஒரு வாரம் நினைத்தேன். அவ்வளவு கோபம்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் இஷிகாவாவிடம் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லப் போனேன். அந்த அம்மா நான் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க எப்படி விழுந்தீங்க? கைய ஊனியா?"

"ஆமாம்."

"இல்லையே. கைய ஊனி விழுந்தா எலும்பு இந்த மாதிரி முறியாது. இது முறுக்கி முறிஞ்சிருக்கு, பாருங்க, சுத்திக்கிட்டே போவுது. உங்க கை எதையோ கெட்டியாப் பிடிச்சிட்டு இருந்திருக்கு. உடம்பு வேற பக்கம் போயிருக்கு. எதைப் பிடிச்சிட்டு இருந்தீங்க?"

எதையும் பிடிக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்வதற்கு முன் ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது, லுவெல்லா. நாற்காலியிலிருந்து எழுந்து, அந்த அம்மாவின் கதவை வேன் கதவாக நினைத்து இறங்கிக் காட்டினேன். என் வலது கை, கட்டோடு, தானாக மேலே போனது. கதவோரம் ஒரு கம்பி இருக்கிறதே, ஏறுகிறவர்கள் பிடிக்க, அதைத் தேடிப் போனது.

கால் இரண்டும் தரையில் இருந்தது உண்மை. ஆனால் நான் கம்பியை விடவில்லை. நீ, வோய்ட், மிஸஸ் பேகல், நான், எல்லோரும் காலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். கையை யாருமே பார்க்கவில்லை.

விட்டுவிட்டேன் என்று சத்தியமே செய்திருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இனி எவன் கூண்டில் ஏறி 'நிச்சயமாகத் தெரியும்' என்றாலும் என்னால் பழைய மாதிரி நம்ப முடியாது.

டாக்டர் நான்கு வரி எழுதிக் கொடுத்தார். நானும் என் வாக்குமூலத்தைத் திருத்தி எழுதி, இரண்டையும் வோய்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ள எனக்கே ஆவலாக இருக்கிறது. இறங்கினவளா, இறங்காதவளா?

மார்லிஸ்

---

ஷெபாய்கன்
ஜூன் 3

அன்புள்ள மார்லிஸ்,

கம்பெனியின் கடிதம் உனக்கு வருவதற்குள் இது வந்துவிட வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன். கிடைத்துவிட்டது! வோய்ட் இன்று காலை போன் செய்தார். வேலைக்குப் போகிற வழியில் பெட்ரோல் பங்கிலிருந்து கூப்பிட்டாராம், அவ்வளவு அவசரம் அவருக்கு.

"கால் இறங்கியாச்சு, கை இறங்கலையே! கம்பியப் பிடிச்சிட்டிருக்கிற ஆள் எப்படிம்மா இறங்கி முடிச்ச ஆள் ஆவாங்க? இறங்கிக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க," என்றார். மேலே இருக்கிறவர்களிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார். "இருபத்திரண்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன். இப்படி ஒண்ணு வந்ததில்ல," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆபரேஷன் பில் நேராக அவர்களுக்குப் போகட்டும், நீ கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டாம் என்றார். தேதி வாங்கு. நாளைக்கே வாங்கு.

நான் அவரிடம், "வேற ஏதாவது கேக்கணுமா?" என்று கேட்டேன்.

"என்ன கேக்கணும்?"

"அன்னிக்கு நான் என்ன செஞ்சேன்னு."

"அது எங்களுக்குத் தேவையில்லம்மா. அதான் இந்தப் பகுதியோட அழகே," என்றார். நல்ல நாளாக இருக்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

முதலில் அந்தப் பாலிசியைப் படித்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உனக்குத் தெரியுமா? யார் தப்பு என்று கேட்க மாட்டார்கள் என்ற வரியில் நான் விரலை வைத்து வைத்துப் படித்தேன். நீ எழுதினாயே, எவ்வளவு சௌகரியம் என்று. ஆமாம். சௌகரியமாகத்தான் இருந்தது. இப்போது தினமும் அந்த முக்கில் வேனை நிறுத்தும்போது மனசு உறுத்துகிறது. ஸ்டாப் பலகையில் எல்லோரும் மூன்று விநாடி நிற்பார்கள். நான் பின்னாலிருப்பவன் ஹாரன் அடிக்கும்வரை நிற்கிறேன்.

எலும்பு முறுக்கிக்கொண்டது என்று அந்த டாக்டர் சொன்னதை எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தை மட்டும் நான் இன்னொரு தடவை படிக்கவில்லை.

டயப்பர் பற்றி நீ சொன்னதை நான் மறந்துவிட்டேன். படிக்க வைத்ததை நான் சொல்லிக் காட்டியிருக்கக் கூடாது.

லுவெல்லா

---

டகோமா
ஜூன் 16

அக்கா,

திங்கட்கிழமை ஆபரேஷன் முடிந்தது. தகடு ஒன்று, திருகாணி ஆறு. செப்டம்பரில் மெஷினில் உட்காரலாம் என்கிறார் டாக்டர். பில் கம்பெனிக்குப் போய்விட்டது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எதையோ சொல்ல வந்து, முக்கில் நிற்கிற மாதிரி நின்றுவிட்டாய்.

நானும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பணம் வந்துவிட்டது, கை சரியாகிவிடும், எல்லாம் முடிந்தது என்று இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. கோர்ட்டில் எதுவும் கேள்வி கேட்டுப் பதில் வாங்கினால்தான் முடியும். எங்கள் வழக்கம் தெரியுமே: கேள்விக்கு 'கே', பதிலுக்கு 'ப'. கம்பெனி உன்னைக் கேட்காததை நான் கேட்கிறேன். தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், பதிலுக்கு இடம் விட்டிருக்கிறேன். இது வோய்டுக்கோ வேறு யாருக்குமோ போகாது. நான் கோபப்படுவேனா என்று கேட்காதே, தெரியாது. உனக்கு இஷ்டமில்லை என்றால் தாளைக் கிழித்துப் போடு. நான் மறுபடி கேட்க மாட்டேன்.

கடைசியில் ஒரு 'கே' எழுதிக் கேள்வி இல்லாமல் விட்டிருக்கிறேன். அது உனக்கு. என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் கேள்.

மார்லிஸ்

---

ஷெபாய்கன்
ஜூன் 22

கே: 1983 ஏப்ரல் 5 காலை வேனை ஓட்டியது யார்?
ப: நான்.

கே: வேன் எங்கே நின்றது?
ப: முக்கில், ஸ்டாப் பலகையில். மிஸஸ் பேகல் வீடு என்று நான் படிவத்தில் எழுதியது பொய்.

கே: கை பிரேக் போட்டிருந்தாயா?
ப: இல்லை. காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன். என் ரவுண்டில் கை பிரேக் போடும் வழக்கமே கிடையாது. அறுபது வீட்டுக்கு அறுபது தடவை இழுத்தால் தோள் போய்விடும்.

கே: 'இறங்கு' என்று நீ சொன்னது விளையாட்டுக்கா?
ப: இல்லை.

கே: நான் இறங்கியதைப் பார்த்தாயா?
ப: பார்க்கவில்லை. முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. நீ இறங்கின சத்தம் கேட்டது.

கே: பிரேக்கிலிருந்து கால் தவறி நழுவியதா, நீயே எடுத்தாயா?
ப: நானே எடுத்தேன். எடுத்து ஆக்சிலரேட்டரில் வைத்தேன். தெரிந்துதான் வைத்தேன். உனக்கு அடிபட வேண்டும் என்று இல்லை, அது மட்டும் சத்தியம். உன்னை அங்கேயே விட்டுவிட்டுப் போகத்தான் வைத்தேன். நடந்து வீட்டுக்கு வரட்டும், திமிர் இறங்கட்டும் என்று நினைத்தேன். நீ கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் படிக்கும்வரை தெரியாது. நான் விட்டுவிட்டுப் போகிறேன், நீ பிடித்துக்கொண்டு நிற்கிறாய்.

கே: ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால்?
ப: வேனை எடுத்திருக்க மாட்டேன்.

கே: தப்பு யாருடையது?
ப: என்னுடையது. இதைக் கேட்க ஒரு ஆள் வருவார் என்று இரண்டரை மாசம் பயந்துகொண்டிருந்தேன். அப்புறம் யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று இருந்தது. நீ கேட்டாய்.

கே: ரொம்ப வலிக்கிறதா, மார்லிஸ்?
ப: